மார்ஷலைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே வைத்துப் பார்த்தால்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: பதினோராம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் பெயர் இருக்கிறது. பொருளியல் என்பது மனித நலனைப் பற்றிய படிப்பு என்ற நல இலக்கணம் அவருடையது, நுகர்வோர் உபரி அவருடையது, தேவை நெகிழ்ச்சி அவருடையது. இத்தனையையும் ஒரே ஆள் கண்டுபிடித்தாரா, இல்லை வெள்ளைக்காரன் காலத்துப் பாடத்திட்டத்தை நாம் இன்னும் சுமந்துகொண்டிருப்பதால் வந்த பெயரா? கூடவே, மனைவியின் உழைப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டார் என்று எங்கோ படித்ததாகச் சொல்லி, அது நிஜமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை இதற்குள் இருப்பது ஒரே கேள்விதான்: தேர்வு முடிந்த பிறகும் இந்த மனிதரிடம் படிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது. பாடப்புத்தகம் விரல் நீட்டும் இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கலைக் கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நுண்ணினப் பொருளியல் எடுத்தவன். அதில் முதல் பத்து வருஷம், மார்ஷலின் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் மார்ஷலை நடத்தினேன். கையில் நோட்ஸ் இருந்தது, தேர்வில் அதுதான் வந்தது, பிள்ளைகளும் பாஸானார்கள். அப்புறம் ஒரு கோடை விடுமுறையில் நூலகத்தில் அவருடைய ‘பொருளியல் கோட்பாடுகள்’ எட்டாம் பதிப்பை எடுத்துவைத்து உட்கார்ந்தபோதுதான், நான் நடத்திய மார்ஷலும் அதை எழுதிய மார்ஷலும் வேறு வேறு ஆட்கள் என்று தெரிந்தது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி நான் சொல்வது எதுவும் நானே ஆவணக் காப்பகத்தில் தோண்டி எடுத்ததல்ல. 1924-ல் அவர் இறந்தபோது அவருடைய மாணவரும் பின்னாளில் பொருளியல் மேதையுமான கெய்ன்ஸ் எழுதிய நீண்ட நினைவுக் கட்டுரை, மனைவி மேரியின் நினைவுக் குறிப்புகள், பிற்கால ஆய்வாளர்கள் இரண்டிலும் செய்த திருத்தங்கள், இவைதான் என் கையிருப்பு.

கண்டுபிடித்தாரா என்றால், பெரும்பாலும் இல்லை. தேவைக் கோட்டை 1838-லேயே பிரான்சில் கூர்னோ வரைந்துவிட்டார். வாங்குகிறவர் கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் உண்மையில் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் நுகர்வோர் உபரி; அதன் கரு 1844-ல் டுப்புய் என்ற பிரெஞ்சுப் பொறியாளரிடம் இருக்கிறது. பாலம், சாலை போட்டால் மக்களுக்கு எவ்வளவு பயன் என்று கணக்குப் போடப் போனவர் அங்கே வந்து சேர்ந்தார். தேவைக் கோடும் அளிப்புக் கோடும் ஒன்றையொன்று வெட்டும் படத்தை 1870-ல் ஃப்ளீமிங் ஜென்கின் அச்சிட்டார். அவரும் எடின்பரோவில் பொறியியல் பேராசிரியர்தான். இறுதிநிலைப் பயன்பாடு, அதாவது ஒரு பொருளை இன்னும் ஒன்று கூடுதலாக வாங்கினால் கிடைக்கும் பயன், 1871-ல் ஜெவன்ஸிடமும் மெங்கரிடமும், 1874-ல் வால்ராஸிடமும் வந்துவிட்டது. மார்ஷலின் பெரிய நூல் வந்தது 1890-ல். ஜெவன்ஸைப் படிப்பதற்கு முன்பே இதெல்லாம் தன் மனத்தில் இருந்தது என்பது அவர் தரப்பு வாதம். இருந்திருக்கலாம், அவர் அச்சுக்குக் கொடுக்க மிகவும் தயங்கியவர். 1879-ல் அவர் எழுதியதில் கொஞ்சத்தை நண்பர் சிட்ஜ்விக்தான் நாலு பேர் படிக்கட்டும் என்று தனிச்சுற்றுக்கு அச்சடித்தார். ஆனால் அச்சில் வராத முன்னுரிமையை வெளியே இருந்து எப்படிச் சரிபார்ப்பது? நான் அதைச் சந்தேகக் கணக்கில்தான் வைப்பேன். விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்று அளக்கும் நெகிழ்ச்சி மட்டும் அவருடையது என்று துணிந்து சொல்லலாம். சிறுநீரகக் கல் தொல்லையால் ஓய்வெடுக்க இத்தாலியின் பலெர்மோவுக்குப் போயிருந்த 1881-ல், தங்கியிருந்த இடத்தின் மொட்டை மாடியில், குளியல் தொட்டியின் மூடியை நிழலுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த யோசனை வந்ததாகவும், அதில் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம் என்றும் மேரி சொல்லியிருக்கிறார்.

சரி, அப்படியானால் பெயர் ஏன் இவருக்குப் போனது? அதுவரை இரண்டு கட்சி இருந்தது. ஒரு பொருளின் மதிப்பை உற்பத்திச் செலவுதான் தீர்மானிக்கிறது என்றது ரிகார்டோ வழி வந்த பழைய கட்சி. இல்லை, வாங்குகிறவனுக்குக் கிடைக்கும் பயன்பாடுதான் என்றது ஜெவன்ஸ் கட்சி. காகிதத்தை வெட்டுவது கத்தரிக்கோலின் மேல் அலகா கீழ் அலகா என்று சண்டை போடுவது போலத்தான் இது என்றார் மார்ஷல். இந்த உவமையைத் தேர்வில் எழுதாத பொருளியல் மாணவர் நம் ஊரில் இருக்க மாட்டார். ஆனால் இதோடு நிறுத்தினால் இது பஞ்சாயத்தில் இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்துகிறவர் சொல்லும் வழவழா பதில் மாதிரித்தான் இருக்கும். எனக்கு வெகுநாள் அப்படித்தான் இருந்தது. அவர் அடுத்து கேட்பது என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது: நீங்கள் பேசுவது நாளைக் காலை விலையையா, இரண்டு வருஷம் கழித்து வரும் விலையையா, ஒரு தலைமுறை கழித்து வரும் விலையையா?

அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மீன் சந்தை. அன்றன்றைய மீன் விலை கடல் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. கரைக்கு வந்தது வந்ததுதான். அழுகும் சரக்கு, விற்றாக வேண்டும். படகுக்கு என்ன செலவானது என்று ஏலம் கேட்கிறவன் பார்ப்பதில்லை. அந்த ஒரு நாளுக்கு விலையை ஆட்டுவிப்பது தேவைதான். இப்போது மாட்டுக்கு நோய் வந்து, ஒன்றிரண்டு வருஷத்துக்கு எல்லோரும் இறைச்சியை விட்டு மீனுக்கு மாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒன்றிரண்டு வருஷத்துக்காக யாரும் புதுப் படகு கட்ட மாட்டார்கள், பிள்ளையைத் தொழிலில் இறக்கவும் மாட்டார்கள். ஓரம் கட்டிய பழைய படகைத் தட்டிக்கொட்டி இறக்குவார்கள். கப்பல் வேலைக்குப் போன ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அதற்குக் கூடுதல் பணம் ஆகும், விலை ஏறும். மூன்றாவதாக, ஜனங்களின் ருசியே நிரந்தரமாக மீன் பக்கம் திரும்பிவிட்டால்? அப்போது புதுப் படகு, புது வலை, புதிதாகத் தொழில் பழகியவர்கள் எல்லாம் வருவார்கள். இந்த இடத்தில் மார்ஷல் செய்வது எனக்கு மிகவும் பிடிக்கும். விலை இதில் முடியும் என்று அடித்துச் சொல்ல மறுக்கிறார். கரையோரம் மீன் வற்றி இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டியிருந்தால் விலை பழையதைவிட அதிகமாகலாம். கடல் வற்றாது, தொழில் பெரிதாகி ஒழுங்கும் கூடுகிறது என்றால், பழைய விலையைவிடக் குறைந்தும் போகலாம்.

நான் இதைக் காசிமேட்டை வைத்து நடத்தத் தொடங்கினேன். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதம் வஞ்சிரம் விலை என்ன ஆகிறது, நாட்டுப்படகுக்காரர்களுக்கு என்ன கிடைக்கிறது, கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் சரக்கு எப்போது எட்டிப் பார்க்கிறது என்று கேட்டால், பின் பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்து பதில் சொல்லுவான். சந்தைக் காலம், குறுகிய காலம், நீண்ட காலம் என்று மூன்று வரையறையை மனப்பாடம் செய்யச் சொன்ன வருஷங்களில் இது நடக்கவே இல்லை. மார்ஷலிடம் இவை கடிகாரத்தில் அளக்கும் காலங்களும் இல்லை. எதை மாற்ற நேரமிருக்கிறது, எதை மாற்ற நேரமில்லை என்பதுதான் பிரிவு. ‘மற்றவை மாறாதிருந்தால்’ என்று ஒவ்வொரு விதிக்கும் வால் போல ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதுவும் இந்த இடத்தில்தான் அர்த்தமாகிறது. மாறாது என்று நம்பி அதை எழுதவில்லை அவர். மாறும் விஷயங்களைத் தற்காலிகமாக ஒரு பட்டியில் அடைத்துவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறார்.

ஒரு தலைகுனிவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம், கணிதம் நன்றாக வரும் மாணவன் ஒருவன் கேட்டான்: “சார், விலை மாறினால் அளவு மாறும் என்கிறீர்கள். சார்ந்து மாறுவது நிமிர்ந்த அச்சில்தானே வர வேண்டும்? நீங்கள் விலையை நிமிர்ந்த அச்சில் போடுகிறீர்களே?” எனக்குப் பதில் தெரியவில்லை. “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, உட்கார்” என்றேன். அவன் கேட்டதுதான் சரி. காரணம் மார்ஷலிடம் இருக்கிறது. வால்ராஸ், விலை முதலில் மாறுகிறது, வாங்கும் அளவு அதற்கேற்பச் சரிசெய்துகொள்கிறது என்று யோசித்தார். மார்ஷல் அளவிலிருந்து தொடங்கினார்: இவ்வளவு சரக்கு சந்தைக்கு வந்திருக்கிறது, இதை எடுக்க வாங்குகிறவர்கள் என்ன விலை தருவார்கள், இதைக் கொண்டுவர விற்கிறவர்களுக்கு என்ன விலை கட்டுபடியாகும்? அந்தக் கணக்கில் அளவு படுக்கை அச்சில் வருவது முறையே. பிற்காலப் பாடநூல்கள் விளக்கத்தை வால்ராஸிடமிருந்தும் படத்தை மார்ஷலிடமிருந்தும் எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்கள் அந்த முரண்பாட்டை வரைந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பையன் எங்கே இருக்கிறானோ, அவனுக்கு நான் ஒரு மன்னிப்புப் பாக்கி.

நுகர்வோர் உபரிக்கு அவர் தரும் கணக்கு எளிமையானது. ஒருவர் வருஷத்துக்கு ஒரு பவுண்டு தேயிலை மட்டும் கிடைக்கும் என்றால் 20 ஷில்லிங்கூடக் கொடுப்பார்; இரண்டாவதற்கு 14, மூன்றாவதற்கு 10, அப்புறம் 6, 4, 3, 2 என்று இறங்கிக்கொண்டே போகும். சந்தையில் விலை 2 ஷில்லிங், அதனால் ஏழு பவுண்டு வாங்குகிறார். கொடுக்கத் தயாராக இருந்தது மொத்தம் 59, கொடுத்தது 14, மீதி 45 ஷில்லிங் அவருக்கு லாபம். டுப்புயிடமும் இது உண்டு என்றாலும், வரி, மானியம் பற்றிப் பேசக் கைக்கு அடக்கமான கருவியாக இதை ஆக்கியவர் மார்ஷல்தான்.

பாடப்புத்தகம் சந்தேகமே இல்லாதது போலச் சொல்லும் ஒன்றில் உண்மையில் சந்தேகம் இருக்கிறது: கிஃபன் பண்டம். ரொட்டி விலை ஏறினால் ஏழைகள் இறைச்சியைக் குறைத்துக்கொண்டு ரொட்டியையே இன்னும் அதிகம் வாங்குவார்கள் என்று சர் ராபர்ட் கிஃபன் சுட்டிக்காட்டியதாக மார்ஷல் 1895-ல் வந்த மூன்றாம் பதிப்பில் எழுதினார். பிற்பாடு கிஃபனின் எழுத்துகளைச் சல்லடை போட்டுத் தேடியவர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. நேரில் சொல்லியிருக்கலாம், மார்ஷலுக்கு நினைவு பிசகியிருக்கலாம். அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சக் கதை மார்ஷல் எழுதியதே அல்ல. பின்னால் வந்த பாடநூல்கள் ஒட்டவைத்தது. ஆனால் நிகழ்வே கற்பனை என்றும் தள்ள முடியாது. சீனாவின் ஹுனான் மாகாணத்து ஏழைக் குடும்பங்களிடம் அரிசி விஷயத்தில் இது நடப்பதை 2008-ல் ஜென்சன், மில்லர் இருவரும் கள ஆய்வில் காட்டினார்கள்.

இனி ஆள் யார் என்று பார்ப்போம். 1842-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா இங்கிலாந்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்து காசாளரானவர், மகா கண்டிப்புக்காரர். பையனை ராத்திரி வெகுநேரம் உட்காரவைத்து ஹீப்ரு படிக்கச் செய்வார். சதுரங்கமும் கூடாது, கணிதத்தைக் கண்டாலே ஆகாது. பையனுக்கோ கணிதம்தான் உயிர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் செவ்வியல் மொழிகள் படித்துப் பாதிரியாராகும் வழி உதவித்தொகையோடு திறந்திருந்தது. அதை விட்டுவிட்டு, ஆஸ்திரேலியாவில் பணம் சம்பாதித்த ஒரு சித்தப்பாவிடம் கடன் வாங்கி கேம்பிரிட்ஜுக்குக் கணிதம் படிக்கப் போனார். 1865 கணிதத் தேர்வில் இரண்டாம் இடம். முதலிடம் வந்தவர் பின்னாளில் இயற்பியலில் நோபல் வாங்கிய ராலே பிரபு, அதனால் அந்த இரண்டாம் இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடும்பம் கொஞ்சம் உயர்ந்தது என்ற தோற்றம் கெய்ன்ஸின் கட்டுரையில் வரும், பிறந்த ஊரும் கிளாப்பம் என்று இருக்கும். பொருளியலாளர் ரொனால்டு கோஸ் பதிவேடுகளைத் தேடிப் பார்த்து, பிறந்தது தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த பெர்மண்ட்ஸியில் என்றும், அம்மா ஒரு கசாப்புக்காரர் மகள் என்றும் எழுதினார். மார்ஷலே இதைப் பேச விரும்பாமல் மறைத்தாரா என்பது ஊகம். பிறந்த இடம் மட்டும் உறுதி.

கணிதக்காரர் பொருளியலுக்கு வந்தது தத்துவம், அறவியல் வழியாக. ஜனங்களுக்கு ஏன் நல்ல வாழ்க்கை கிடைப்பதில்லை என்று பேச்சு வரும்போதெல்லாம், பொருளியல் தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டாய் என்று நண்பர்கள் வாயை அடைத்தார்களாம். விடுமுறையில் பல நகரங்களின் ஏழைத் தெருக்களில் நடந்து முகங்களைப் பார்த்துக்கொண்டே போனதாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு கடையில் வாழ்ந்து கெட்ட ஒரு மனிதனின் சிறிய ஓவியம் கிடைத்தது. சில ஷில்லிங் கொடுத்து வாங்கிவந்து, கல்லூரி அறையில் கணப்படுப்புக்கு மேலே மாட்டி, அதைத் தன் காவல் புனிதர் என்று அழைத்தார். நல இலக்கணம் என்று நாம் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவதன் பின்னால் இருப்பது இந்தப் படம்தான். பொருளியல் ஒரு பக்கம் செல்வத்தைப் பற்றிய படிப்பு, அதைவிட முக்கியமான மறுபக்கம் மனிதனைப் பற்றிய படிப்பு என்று எழுதியவர், எல்லோரும் வறுமையின் வலியில்லாமல் வாழ்க்கையைத் தொடங்குவது உண்மையிலேயே முடியாத காரியமா என்று நூலின் ஆரம்பத்திலேயே கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கழித்துவிட்டு இலக்கணத்தை மட்டும் படித்தால், வேண்டுவது அதிகம், இருப்பது குறைவு, அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே பொருளியல் என்று 1932-ல் ராபின்ஸ் கொடுத்த பற்றாக்குறை இலக்கணம் இதைவிடக் கச்சிதமாகத்தான் தெரியும்.

ஆசிரியராக அவர் செய்ததுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிது. 1883 முதல் ஆக்ஸ்ஃபோர்டு பாலியோல் கல்லூரியில், இந்தியாவுக்கு ஐ.சி.எஸ். அதிகாரிகளாகப் போகவிருந்த இளைஞர்களுக்குப் பாடம் எடுத்தார். 1885-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர். அப்போது அங்கே பொருளியல் தனிப் படிப்பு கிடையாது, அறவியலோடும் வரலாற்றோடும் ஒட்டுக்குடித்தனம். பதினெட்டு வருஷம் மல்லுக்கட்டி 1903-ல் தனிப் பட்டப்படிப்பாக்கினார். இளம் விரிவுரையாளர்களுக்குப் பல்கலைக்கழகம் பணம் தராதபோது தன் கையிலிருந்து வருஷத்துக்கு 100 பவுண்டு கொடுத்தார். அவருடைய வகுப்பில் நோட்ஸ் எடுக்க முடியாது என்பார்கள். வரிசைப்படுத்திச் சொன்னால் பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று வேண்டுமென்றே அப்படிப் பேசினார். எழுதிக் கொடுத்த விடைகளுக்குச் சிவப்பு மையில் விடையைவிட நீளமாகக் குறிப்பெழுதித் திருப்பித் தருவார். கெய்ன்ஸ் முறையாக அவரிடம் படித்தது 1905-ல் ஒரே ஒரு பருவம்தான். நீ பொருளியலுக்கே வந்துவிடு என்று அந்த இளைஞரையும் அவர் அப்பாவையும் விடாமல் துளைத்து எடுத்தவர் மார்ஷல். 1908-ல் ஓய்வு பெற்றபோது பேராசிரியர் நாற்காலி அவரிடம் படித்த முப்பது வயது பிகுவுக்குப் போனது. முப்பது வருஷத்துக்கு மேல் நண்பராக இருந்த ஃபாக்ஸ்வெல் தனக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்து மனம் உடைந்தார். மார்ஷல் அதில் எவ்வளவு தூரம் காய் நகர்த்தினார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பிகுவை அவர் விரும்பினார் என்பதில் சந்தேகம் இல்லை.

புள்ளியியலாளர் பவுலிக்கு 1906-ல் எழுதிய கடிதத்தில் அவருடைய வேலைமுறை இருக்கிறது: கணிதத்தைச் சுருக்கெழுத்தாக மட்டும் வைத்துக்கொள், முடித்ததும் ஆங்கிலத்தில் எழுது, வாழ்க்கையிலிருந்து முக்கியமான உதாரணம் கொடு, பிறகு கணிதத்தைக் கொளுத்து, உதாரணம் கிடைக்கவில்லையா, எழுதியதையும் கொளுத்து. இதைச் சொல்கிறவர் கணிதத்தில் இரண்டாம் இடம் வந்தவர். ‘கோட்பாடுகள்’ நூலில் படங்களெல்லாம் அடிக்குறிப்பிலும் கணிதமெல்லாம் பின்னிணைப்பிலும் கிடப்பது அதனால்தான். நம் புத்தகங்கள் அடிக்குறிப்பை மேலே தூக்கி வைத்துவிட்டு மேலே இருந்ததை வெட்டிவிட்டன.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். இதில் அவரைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை, ஆனால் குற்றச்சாட்டைச் சரியாக வைக்க வேண்டும். மேரி பேலி, கேம்பிரிட்ஜில் பின்னாளில் நியூன்ஹாம் கல்லூரியான இடத்தில் சேர்ந்த முதல் ஐந்து பெண்களில் ஒருவர். 1874-ல் அறவியல் தேர்வை அதிகாரபூர்வமின்றி, ஒரு பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினார். இரண்டு தேர்வாளர்கள் முதல் வகுப்பு என்றார்கள், இரண்டு பேர் இரண்டாம் வகுப்பு என்றார்கள். பட்டம் கிடையாது, பெண் என்பதால். 1877-ல் கல்யாணம். திருமணச் சடங்கில் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிவாள் என்ற வாசகத்தை இருவரும் சேர்ந்தே நீக்கச் சொன்னார்கள். கல்யாணம் செய்ததால் மார்ஷலுக்குக் கல்லூரிப் பதவி போனது, கல்யாணமானவர் அதில் இருக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. இருவரும் பிரிஸ்டலுக்குப் போய் அங்கே மேரியும் பாடம் எடுத்தார்; அதற்கான ஊதியம் கணவரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. 1879-ல் இருவர் பேரிலும் ‘தொழில்துறைப் பொருளியல்’ என்ற சிறு நூல் வந்தது. முதலில் அதை எழுத ஒப்புக்கொண்டவர் மேரி; மார்ஷல் பிறகு சேர்ந்தவர். அது நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அதை நிறுத்திவிட்டு, 1892-ல் கிட்டத்தட்ட அதே தலைப்பில் தன் பெயரை மட்டும் போட்டு வேறொரு நூலைக் கொண்டுவந்தார் மார்ஷல். இது ஆவணமாக இருக்கும் உண்மை. முதல் நூலில் எந்தப் பக்கம் யாருடையது என்று பிரிக்கக் கூடிய ஆதாரம் கிடையாது. ‘கோட்பாடுகள்’ நூலையே மேரிதான் எழுதினார் என்று சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் மனைவி உதவியதாக முன்னுரையில் நன்றி இருக்கிறது, அவ்வளவுதான். எனவே ‘திருடினார்’ என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். அழித்தார் என்று சொல்வேன்.

இன்னொன்றுக்கு ஆதாரம் தேடவே வேண்டாம். 1896-ல் பெண்களுக்கும் பட்டம் கொடுக்கலாம் என்று கேம்பிரிட்ஜில் பேச்சு வந்தபோது, கூடாது என்று துண்டறிக்கை அச்சிட்டு விநியோகித்தவர் மார்ஷல். அடுத்த ஆண்டு வாக்கெடுப்பில் ஆதரவு 660 சொச்சம், எதிர்ப்பு 1700-க்கு மேல். அன்றைக்குச் சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைத் தெருவில் தொங்கவிட்டு மாணவர்கள் கூத்தடித்தார்கள். அந்த ஊரில் சைக்கிள் ஓட்டி, நியூன்ஹாமில் பெண்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மார்ஷலின் வீட்டிலேயே இருந்தார். மேரி வெளியே எதுவும் பேசவில்லை. கணவர் இறந்த பிறகு அவருடைய புத்தகங்களால் உருவான மார்ஷல் நூலகத்தைப் பார்த்துக்கொண்டு, எண்பது வயதைத் தாண்டியும் சைக்கிளிலேயே அங்கே போய்வந்தார். 1944-ல் இறந்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல்.

வெள்ளைக்காரன் பாடத்திட்டம்தானே என்ற சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் பொருளியல் துறைகள் வளர்ந்த காலத்தில் கேம்பிரிட்ஜில் படித்துவந்தவர்கள் கொண்டுவந்தது மார்ஷலின் புத்தகம். இந்தியாவின் செல்வம் பிரிட்டனுக்கு வடிந்து போகிறது என்ற தாதாபாய் நௌரோஜியின் செல்வ வடிகால் வாதம் அதே காலத்தில் லண்டனிலேயே அச்சாகிக்கொண்டிருந்தும் பாடத்தில் அதற்கு அந்த இடம் கிடைக்கவில்லை. மார்ஷலுக்கு இந்தியா தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1899-ல் இந்திய நாணயக் குழு முன் சாட்சி சொன்னார். இந்திய மாணவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். இருபது டாட்டாக்கள் இருந்தால் எந்த அரசும் செய்ய முடியாததை இந்தியாவுக்குச் செய்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். அந்த இருபது பேர் ஏன் முளைக்கவில்லை, ஆட்சிக்கு அதில் என்ன பங்கு என்ற பக்கம் அவர் அதிகம் போகவில்லை. வறுமையைப் பற்றி அவ்வளவு யோசித்தவரின் குருட்டுப் புள்ளி அது.

ஆனால் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் ஒரு அத்தியாயமும் அவரிடம் இருக்கிறது. ஷெஃபீல்டில் கத்தி செய்கிறவர்கள் எல்லோரும் ஏன் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறார்கள் என்று கேட்கிறார். அங்கே தொழில் ரகசியம் ரகசியமாகவே இருப்பதில்லை, காற்றிலேயே கலந்திருக்கிறது, குழந்தைகள் தங்களை அறியாமல் கற்றுக்கொள்கிறார்கள் என்கிறார். ஒருவன் புது யோசனை கண்டால் அடுத்தவன் எடுத்துக்கொண்டு மெருகேற்றுகிறான். அந்தத் தொழிலுக்கு மட்டும் உதவும் சிறு சிறு துணைத்தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கின்றன. ஆள் வேண்டுமென்றாலும் வேலை வேண்டுமென்றாலும் அங்கேயே கிடைக்கிறது. திருப்பூரில் நிட்டிங் ஒருவரிடம், சாயம் ஒருவரிடம், காம்பாக்டிங் ஒருவரிடம், பவர்டேபிள் ஒருவரிடம் என்று துணி கைமாறிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சிவகாசியும் அதே கதைதான். ஒரே ஊரில் ஒரே தொழில் என்பதில் இருக்கும் ஆபத்தையும் அவர் சொல்கிறார்: தேவை சரிந்தாலோ கச்சாப்பொருள் நின்றாலோ ஊரே சேர்ந்து உட்கார்ந்துவிடும். திருப்பூர்க்காரர்களுக்கு நூல் விலை ஏறிய வருஷங்கள் நினைவுக்கு வரும். தொழில் பெருகப் பெருகச் செலவு குறையும் என்ற இந்தக் கருத்து, போட்டிச் சந்தை பற்றிய அவருடைய சொந்தப் படத்தோடு ஒட்டவில்லை என்பதை 1926-ல் பொருளியலாளர் பியேரோ ஸ்ராஃபா சுட்டிக்காட்டினார். அந்த விமர்சனத்துக்கு மார்ஷல் வழியில் முழுத் திருப்தியான பதில் கிடையாது என்றுதான் நான் நினைக்கிறேன்; படம் சிதைந்தாலும் ஷெஃபீல்டு அத்தியாயம் சிதையவில்லை.

படிக்க விரும்பினால் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், நூறு பக்கத்தில் கை சலித்துவிடும். நூல் பதிப்புரிமை முடிந்தது, எட்டாம் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான்காம் பகுதியின் பத்தாம் அத்தியாயத்தில் ஷெஃபீல்டு, ஐந்தாம் பகுதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் மீன் சந்தை, மூன்றாம் பகுதியின் ஆறாம் அத்தியாயத்தில் தேயிலையும் கிஃபனும். இந்த மூன்றையும் முடித்துவிட்டு உங்கள் பாடப்புத்தகத்தில் அதே தலைப்புகளைத் திருப்பிப் பாருங்கள். விலையை ஏன் நிமிர்ந்த அச்சில் போடுகிறோம் என்ற கேள்வியை உங்கள் ஆசிரியரிடம் கேட்டு அவர் உட்கார் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.